மண்புழுவுக்கு நியாயம் கேட்டவன்

வாழ்க்கையில் ஆறு மாதம் நான் உத்தமனாக இருந்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த ஆறு மாதமும் கூட இருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துச் சொல்கிறேன். உத்தமனோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துப் பாருங்கள், தெரியும்.

என் உத்தமத்தனம் மீன் சம்பந்தப்பட்டது. மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள் (அந்த அளவுக்கெல்லாம் உத்தமன் இல்லை). மீனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதில்தான் எனக்குக் கொள்கை வந்துவிட்டது. அதுவரை என் கையால் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. கொள்கைக்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை.

எல்லாம் ஊட்டியில் ஆரம்பித்தது. நான் சேலத்தில், துண்டும் பெட்ஷீட்டும் ஏற்றுமதி செய்கிற ஓர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். தை மாதம் கல்யாணம். மனைவி தமிழரசி ஜேடர்பாளையத்துக்காரி. காவிரித் தடுப்பணைக்குக் கூப்பிடு தூரத்தில் வளர்ந்தவள். தேனிலவுக்கு ஊட்டி போனோம். இரண்டாம் நாள் காலை ஊருக்கு வெளியே ஓர் ஓடையில் தொப்பி வைத்த ஒரு மனிதர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் நீளமான மெல்லிய கோல். அதிலிருந்து மஞ்சள் நிறத் தூண்டில் நரம்பு ஒன்று தலைக்கு மேலே போவதும் வருவதுமாகக் காற்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நரம்பின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப் பூச்சி. அதைத் தண்ணீர் மேல் மெதுவாக இறக்கி, நிஜப் பூச்சி என்று நம்பி வருகிற ட்ரவுட் மீனைப் பிடிக்கிறாராம்.

"புழு போட்டுப் பிடிக்கக் கூடாதா சார்?" என்று கேட்டேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவர் வீட்டுச் சாப்பாட்டில் நான் எச்சில் கையை விட்டுவிட்டது போல. புழு போட்டால் மீன் கொக்கியை வயிறு வரைக்கும் விழுங்கிவிடும், அப்புறம் அதைப் பிழைக்க வைக்க முடியாது. பூச்சியில் மாட்டினால் உதட்டில் லேசாக ஒரு குத்து, அவ்வளவுதான், எடுத்துத் தண்ணீரில் விட்டுவிடலாம் என்றார். கொக்கியின் நுனிக்குப் பின்னால், மாட்டியது கழன்றுவிடாமல் இருக்க ஒரு குட்டி எதிர்முள் இருக்கும். மனசாட்சி உள்ளவன் அதையும் குறடால் நசுக்கிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவான் என்றார்.

மூன்று மணி நேரம் வாயைப் பிளந்து கேட்டேன். தேனிலவுக்கு வந்த புதுப்பெண் அந்த மூன்று மணி நேரமும் ஒரு பாறை மேல் உட்கார்ந்து கேரட் தின்றுகொண்டிருந்தாள். திரும்பும்போது சொன்னாள்:

"எங்கப்பாவும் மீன் புடிப்பாருங்க."

"புழு போட்டா?"

"பின்ன, பூ வெச்சுக் கும்பிட்டா?"

எனக்கு அவள் மேல் பரிதாபமாக இருந்தது. பாவம், எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்திருக்கிறாள்!

சேலம் திரும்பியதும் கோல் ஒன்று வரவழைத்தேன். ராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன். மொட்டை மாடியில் பயிற்சி செய்து, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த இரண்டு நைட்டிகளையும் ஒரு பள்ளிக்கூடச் சட்டையையும் பிடித்தேன். (மூன்றையும் உயிரோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.) ஆபீஸில் யார் டிபன் பாக்ஸில் மீன் வறுவல் இருந்தாலும் பக்கத்தில் போய் நின்று, "இது புழுவுல புடிச்சதா, வலையிலயா?" என்று விசாரிப்பேன். இரண்டு வாரத்தில் என்னோடு சாப்பிட ஆள் இல்லாமல் போனது. கொள்கைவாதிகள் தனியாகத்தான் இருப்பார்கள் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பொய்ப் பூச்சியை நானே கட்டுவது என்று முடிவு செய்தேன். நூலுக்குப் பஞ்சமில்லை, எடப்பாடித் தறிக்காரர்கள் ஆபீஸுக்கு அனுப்புகிற சாம்பிள்களில் எல்லா நிறமும் இருந்தது. இறகுக்கு எங்கே போவது? மாமனார் குழந்தைவேலு கோழிப்பண்ணை வைத்திருந்தார். போன் போட்டேன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

மறுமுனையில் நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கல்யாணமான மூன்றாம் மாதம் மாப்பிள்ளை போன் போட்டு 'ஒண்ணு கேக்கணும்' என்றால் எந்த மாமனாரும் முதலில் உட்காரத்தான் இடம் தேடுவார்.

"சொல்லுங்க மாப்ள. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. சக்திக்கு மீறினதா இருந்தாலும் ரோசன பண்ணிக்கலாமுங்க."

"கோழி இறகு வேணும் மாமா."

எழுந்துவிட்டார் போலிருக்கிறது, பண்ணைக் கோழிகளின் சத்தம் கிட்டத்தில் கேட்டது.

"தலகாணிக்குங்களா?"

"இல்ல மாமா. மீன் புடிக்க."

மனிதர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் திருச்செங்கோட்டிலிருந்து சேலம் வருகிற பஸ்ஸில் ஒரு கோணிப்பை நிறைய வெள்ளை இறகு வந்து இறங்கியது. மண்புழு சாகக் கூடாது என்பதற்காக ஒரு மூட்டை கோழி இறகு. இதில் ஏதோ இடிக்கிறதே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு எதுவும் இடிக்கவில்லை.

ஆடி பிறந்தது. தலை ஆடிக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜேடர்பாளையத்தில் விருந்து. தமிழரசியின் பெரியப்பா குடும்பமும் வருகிறது. மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று மீன் குழம்பு வைப்பதாக ஏற்பாடு. மாமியார் காலையிலேயே மசாலா அரைத்து வைத்துவிட்டார். மாமனார் ஞாயிறுதோறும் ஆற்றில் தூண்டில் போடுகிறவர். அன்றைக்கும் விடியற்காலையில் பண்ணைக்குப் பின்னால் தோண்டி ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மண்புழு எடுத்து வைத்திருந்தார்.

நான் டப்பாவைப் பார்த்தேன். உள்ளே இருந்த உத்தமன் விழித்துக்கொண்டான்.

"மாமா, இன்னிக்கு ஒரு புழுகூடச் சாகக் கூடாது. நான் புடிச்சுக் காட்டறேன்."

"சரிங்க மாப்ள."

மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எத்தன மீனு கொண்டாருவீங்க மாப்ள?"

"கொண்டு வர மாட்டேன் அத்தை. புடிச்சுட்டுத் தண்ணியிலயே விட்டுடுவேன்."

"அப்பறங் கொழம்புக்கு?"

இந்தக் கேள்விக்கு வீடியோக்களில் யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. விருந்தை முன்னிட்டு முதல் மூன்று மீன்களுக்கு மட்டும் கொள்கையில் விலக்கு அளிப்பதாக அறிவித்தேன். தமிழரசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புழு டப்பாவை எடுத்து, துணிப்பையில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டாள்.

தடுப்பணைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கரையோரம் வரிசையாக மீன் வறுவல் கடைகள். நீலத் தார்ப்பாய் கட்டிய கூரைகள், கொதிக்கிற எண்ணெய், மிளகாய்ப் பொடி மணம். மூங்கில் குச்சியும் தக்கையுமாக நாலைந்து பேர் கரையில் குத்துக்காலிட்டிருந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன். தொப்பி, பாக்கெட் பத்துப் பன்னிரண்டு வைத்த கையில்லாத சட்டை, கறுப்புக் கண்ணாடி. யாரோ சினிமா ஷூட்டிங்கா என்று கேட்டார்கள்.

ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டி மனிதர் காற்றில் கையெழுத்துப் போட்டார்; நான் போட்டது கைநாட்டு. நரம்பு என் தொப்பியில் சுற்றியது, கழுத்தில் சுற்றியது, ஒருமுறை என் மாமனாரை மரியாதையாக இடுப்போடு சேர்த்துக் கட்டியது. ஒரு மணி நேரத்தில் என் பூச்சி தண்ணீரைத் தொட்டது ஏழெட்டுத் தடவை. காவிரிக் கெண்டைகள் அதைச் சுற்றி வந்து, பார்த்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டன. இரண்டு பக்கத்திலும் புழுக்காரர்கள் மீனாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் குச்சி தரையில் கிடந்தது. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே, தலை ஆடி அன்றைக்கு எப்படி மீறுவது? பொழுது ஏறிக்கொண்டிருந்தது. பெரியப்பா வீட்டிலிருந்து கிளம்பிவிட்டதாகத் தமிழரசிக்குப் போன் வந்தது. "ஏனுங்க, மீனு?" என்றாள். "வரும்" என்றேன். "பெரியப்பா வந்துருவாருங்க, அதத்தாங் கேட்டேன்" என்றாள்.

தோற்றுக்கொண்டிருக்கிறவன் செய்கிற வேலையை நானும் செய்தேன். பிரசங்கம் பண்ண ஆரம்பித்தேன். வீசிக்கொண்டே, மாமனாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கிற மாதிரி, புழு போடுவது எவ்வளவு கேவலம், வயிற்றில் மாட்டுவது எவ்வளவு கொடுமை, உதட்டில் மாட்டினால் மீனுக்கு வலியே தெரியாது, என் கொக்கியில் எதிர்முள்ளையும் நசுக்கிவிட்டேன், மாட்டினால்கூடச் சும்மா இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றெல்லாம் சொன்னேன்.

மாமனார் கேட்டார். கேலியாக இல்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகமுங்க மாப்ள. நான் புழுவக் குடுக்கறனுங்க. மீனு திங்கோணும்னு வருது, வாய்க்கு ஒண்ணு கெடைக்குது. நீங்க வெறும் இறகக் காட்டி வரச் சொல்றீங்க. வந்தா அங்க ஒண்ணுமே இருக்கறதில்லீங்களே. அது பாவமில்லீங்களா?"

பக்கத்தில் இருந்த புழுக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

"அப்பறம் இன்னொண்ணுங்க. பசிக்குப் புடிக்கறவன் கொழம்புக்கு ஆனதும் குச்சியச் சுருட்டீருவான். விட்டு விட்டுப் புடிக்கறவன் எப்பங்க நிறுத்தறது?"

நியாயம் எதிராளி பக்கம் இருக்கும்போது குரலை உயர்த்துவது என் வழக்கம். "மாமா, அடிப்படையில நீங்க என்ன புரிஞ்சுக்கணும்னா..." என்று ஆரம்பித்து, கோலைப் பின்னால் ஓங்கினேன். ஓங்கியது முன்னால் வரவில்லை. கொக்கி, பின்னால் இருந்த வறுவல் கடையின் தார்ப்பாய் விளிம்பில் மாட்டியிருந்தது. திரும்பிப் பார்த்துக் கழற்றியிருக்கலாம். பேச்சின் வேகத்தில் இருந்தவனுக்கு அது கௌரவக் குறைச்சல். நரம்பைக் கையில் பிடித்து இழுத்தேன். தார்ப்பாய் விம்மிக்கொண்டு என் பக்கம் வந்தது. "அண்ணா, கொட்டாய் வருதுங்க!" என்று கடைக்கார அக்கா கத்தினார். பேச்சை நிறுத்தாமல் திரும்பி, பலத்தையெல்லாம் கூட்டி இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

தார்ப்பாய் விட்டுவிட்டது. பூச்சி நேராக என்னிடம் பறந்து வந்தது. என் வாய் திறந்திருந்தது.

கீழ் உதட்டில் மாட்டியது.

ஒன்று சொல்கிறேன். உதட்டில் வலிக்கும். ஊட்டிக்காரரும் வீடியோக்காரர்களும் எந்த மீனிடம் கேட்டு எழுதினார்கள் என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. காவிரிக்கரையில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தைப் போட்டேன். கூட்டம் கூடிவிட்டது. வாயிலிருந்து வெள்ளைக் கோழி இறகு தொங்க, அதிலிருந்து மஞ்சள் நரம்பு கோலுக்குப் போக, கோல் என் கையிலேயே இருக்க, என்னை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள்.

கடைக்கார அக்கா மீன் வெட்டுகிற கத்தியோடு ஓடி வந்தார். நான் பயந்து பின்வாங்கினேன். தமிழரசி கத்தியை வாங்கி நரம்பை அறுத்தாள். என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று முடிவு செய்தாள். "அப்பா, நீங்க இவரக் கூட்டீட்டுப் போங்க. நான் கொழம்புக்குப் பாக்கறேன்" என்று சொல்லி, பையிலிருந்து புழு டப்பாவை வெளியே எடுத்தாள்.

மாமனாரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காற்றுக்கு இறகு படபடத்து மூக்கில் கிச்சுக்கிச்சு மூட்டியது. தும்மினால் வலிக்கும் என்று தும்மலை அடக்கிக்கொண்டே போனேன். வாசலில் இருந்த நர்ஸம்மா என் வாயையும் வெள்ளை இறகையும் பார்த்தார். மாமனார் பண்ணைக்காரர் என்று தெரியும் போலிருக்கிறது.

"கோழி கொத்தீருச்சுங்களா?"

நான் "மீ... மீ..." என்றேன்.

"மீன் புடிச்சதுங்க" என்றார் மாமனார். நர்ஸம்மா சீட்டில் எழுதிக்கொண்டார்.

உள்ளே இளவயது டாக்டரம்மா. எப்படி ஆச்சு என்று கேட்டார். என்னால் பேச முடியாததால் மாமனார் சொன்னார். அவர் என் கொள்கையை இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு வரி விடாமல் சொன்னார். "மாப்ள மீனுக்கு வலிக்கக் கூடாதுன்னு நெனைக்கறவருங்க. புழுவக் கொல்ல மாட்டாருங்க. வவுத்துல மாட்டுனாத்தான் பாவமாமுங்க, ஒதட்டுல ஒண்ணும் தெரியாதாமுங்க." ஒரு சொல்லில்கூடக் கிண்டல் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

டாக்டரம்மா முகத்தை ரொம்பக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டார். "அப்ப மரத்துப்போற ஊசி வேண்டாம், இல்லீங்களா?"

இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். ஊசி போட்டார். லைட்டைக் கிட்டே இழுத்துக் கொக்கியைப் பார்த்தார்.

"இதுல முள்ளு இருக்குங்களே. அப்படியே இழுத்தா சதை கிழிஞ்சிரும். முன்னாடி தள்ளி, நுனிய வெட்டித்தான் எடுக்கணும்."

வாசகர்களிடமும் மறைத்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் எதிர்முள்ளை நசுக்கவில்லை. முதலில் நசுக்கிப் பார்த்தேன். இரண்டு கொக்கி உடைந்தது. அப்புறம் யோசித்தேன். முள் இல்லாவிட்டால், அபூர்வமாக மாட்டுகிற ஒரு மீனும் நழுவிப் போய்விடுமே? மாமனார் வீட்டில் மானம் போய்விடுமே? முள் இருக்கட்டும், நசுக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்வோம், மீன் வந்தா சாட்சி சொல்லப் போகிறது என்று விட்டுவிட்டேன். ஆறு மாத உத்தமத்தனத்தின் அடியில் இருந்தது இவ்வளவுதான்.

மாமனார் எழுந்தார். வெளியே போய் மொபெட் பெட்டியிலிருந்து, கோழிக்கூண்டுக் கம்பி வெட்டுகிற கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். நர்ஸம்மா அதைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். ஒரு வெட்டு, ஒரு தையல், ஒரு டி.டி. ஊசி.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. போனை எடுத்து, 'முள்ளை நசுக்கவில்லை மாமா. பொய் சொன்னேன்' என்று டைப் செய்து காட்டினேன். கண்ணாடி இல்லாததால் அவர் போனைத் தூரத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார்.

"தெரியுமுங்க மாப்ள. காத்தாலயே பாத்தனுங்க."

ஏன் சொல்லவில்லை என்பது போலப் பார்த்தேன்.

"நாப்பது வருசமா கொக்கி கட்டறனுங்க, முள்ளு தெரியாதுங்களா? தலை ஆடிக்கு வந்த மாப்ளைய எப்படீங்க கேக்கறது?" என்றார். பிறகு, "ஊட்டுல சொல்லீராதீங்க. வெச்சு ஓட்டிப்போடுவாங்க" என்றார்.

அன்றைக்கு மனசில் தைத்தது இதுதான். ஏமாற்றுவது தப்பு என்று காலை முழுக்க ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். ஏமாற்றுகிறவன் என்று தெரிந்தும் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் கைகட்டி நின்றவர் அவர்.

வீட்டுக்கு வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தமிழரசி முக்கால் மணி நேரத்தில் நாலு ஜிலேபிக் கெண்டையும் ஒரு பெரிய கெளுத்தியும் பிடித்திருக்கிறாள். ஆறாவதும் மாட்டியதாம், போதும் என்று விட்டுவிட்டுக் குச்சியைச் சுருட்டினாளாம். இவள் ஆற்றங்கரையில் பெயர் பெற்ற தூண்டில்காரி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊட்டிப் பாறை மேல் கேரட் தின்றபோது எப்படிச் சிரிக்காமல் இருந்தாள் என்று இன்றுவரை புரியவில்லை.

பெரியப்பா குடும்பம் இலையில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டது. தலை ஆடி மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் கம்மங்கூழும் ஒரு ஸ்ட்ராவும் வைத்தார்கள். "ஒண்ணுமில்லீங்க, சின்னக் காயமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமனார் குனிந்து சாப்பிட்டார். முள் விஷயத்தை மூச்சு விடவில்லை. (பத்து நாள் கழித்து, உதடு ஆறியதும், தமிழரசியிடம் நானே உளறிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் நாமக்கல் மாவட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.)

ஆனால் என் தலையெழுத்து முள்ளில் இல்லை, சீட்டில் இருந்தது. எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று பார்க்க மாமியார் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கினார். சத்தமாகப் படித்தார்.

"காயத்தின் காரணம்: மீன் பிடித்தது."

பெரியப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"மாப்ள மீனப் புடிச்சாருங்களா, மீனு மாப்ளையப் புடிச்சுதுங்களா?"

அவ்வளவுதான். புரையேறிப் பெரியம்மாவுக்குத் தலையில் தட்ட வேண்டியிருந்தது. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் நான் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

அந்தச் சீட்டை லேமினேட் செய்து, எங்கள் கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்கள். ஜேடர்பாளையத்து வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் ஆல்பம் வெளியே வரும். தாலி கட்டுகிற போட்டோவைச் சீக்கிரமாகப் புரட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

போன மாதம் தமிழரசியின் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் ராசிபுரம், அமைதியான ஆள். மாமியார் காபிக்கு முன்னாலேயே ஆல்பத்தை நீட்டினார். பையன் சீட்டை இரண்டு தடவை படித்தான். பிறகு என் உதட்டில் இருந்த தழும்பைப் பார்த்தான்.

"மீனு புடிச்சுதுங்களாண்ணா?" என்றான்.

"ஆமாங்க."

"அப்பறம் விட்டுருச்சுங்களா?"

"மீனு அன்னிக்கே விட்டுருச்சு தம்பி. இவங்கதான் இன்னும் விடல" என்றேன்.

பையன் சிரித்துவிட்டான். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டான்.